பேசியவர்கள் பட்டியல்

ஆசிரியை இல்லாத நேரத்தில் யார் யார் பேசினார்கள் என்று வகுப்பு லீடர் கரும்பலகையின் வலது மூலையில் எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இது தெரியும். மேலே ‘பேசியவர்கள்’ என்று ஒரு தலைப்பு, அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பெயர்கள். இரண்டாம் தரம் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு. நான் படித்த காலத்திலும் இருந்தது. ஆசிரியையாகி இருபத்திரண்டு வருடமாக நானும் அதையே செய்துவந்தேன். அந்த மூலையில் எழுதிய பெயர்களால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோக இருந்தது. ஆகையால் இங்கே நான் யார் பெயரையும் எழுதப் போவதில்லை.

தாம்பரத்தில் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி எங்களுடையது. நான் அறிவியல் எடுக்கிறேன். அந்த வருடம் ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கு வகுப்பாசிரியை. நாற்பத்தியொரு பெண்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் காலனிகளிலிருந்து பாதிப் பேர், முடிச்சூர், திருமுடிவாக்கம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் மீதிப் பேர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்டாஃப் ரூமில் அதற்குக் ‘கண்டிப்பு’ என்று கௌரவமான பெயர் இருந்தது. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பெஞ்சுப் பெண் ஒருத்தியை நான்தான் லீடராகப் போட்டேன். அவள் அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. அளவு ஒரு நூல் பிசகினாலும் செய்த சாமானைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவாராம். அவளே ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள். அப்படிப்பட்டவரின் மகள் சரியாக இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். “பிரெண்டா இருந்தாலும் எழுதணும். பாவம் புண்ணியம்லாம் பாக்கக் கூடாது, புரியுதா?” என்றேன். “சரிங்க மிஸ்” என்றாள்.

லீடர்கள் எல்லோரும் இதைச் சரி என்று கேட்டுக்கொள்வார்கள், பிறகு அவரவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். வேண்டியவள் பெயரை லேசாக எழுதி, வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளங்கையால் அழித்துவிடுவார்கள். எனக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டேன். இந்தப் பெண்ணுக்கு மட்டும் அந்த வித்தை வரவில்லை.

ஒரு நாள் மாணவிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்காக ஆபீஸ் அறைக்குப் போய்விட்டு, எரிச்சலோடு திரும்பி வந்தேன். பலகையில் ஏழு பெயர்கள். முதல் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் மூன்று. அந்த முதல் பெயர் லீடரின் உயிர்த்தோழியுடையது. இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள், மத்தியானம் டிபன் பாக்ஸ் மூடியில் சோற்றை மாற்றிக்கொள்கிறவர்கள்.

மற்ற ஆறு பேரை உட்காரச் சொன்னேன். மூன்று தரம் பேசியவளை மட்டும் வராந்தாவில் நிறுத்தினேன். ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியை அவளைப் பார்த்துவிட்டு அப்பாவை அழைத்து வரச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவள் அப்பா மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்த கையோடு, தூங்காத கண்களுடன் வந்தார். என்ன ஏது என்று முழுதாகக் கேட்கக்கூட இல்லை. வகுப்பு முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதினான்கு வயதுப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்தார்.

“விடுங்க சார், பெரிய பொண்ணு” என்று நான் சொன்னேன், அறை விழுந்த பிறகு.

அதற்கு மறுநாளிலிருந்து பலகை காலியாக இருந்தது. தலைப்பு இருக்கும், கோடு இருக்கும், கீழே ஒரு பெயர் இருக்காது. நான் உள்ளே நுழையும்போது வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கும்படி இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லி மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் காலையில் வரும் வழியில் ஒரு பெட்டி மிட்டாய் வாங்கி வந்தேன். “இந்த மாதிரி ஒரு கிளாஸ என் சர்வீஸ்ல பாத்ததில்ல” என்று சொல்லிவிட்டு, பெட்டியை லீடர் கையில் கொடுத்து, “எல்லாருக்கும் குடும்மா” என்றேன்.

அவள் பெஞ்சு பெஞ்சாகப் போனாள். யாரும் கை நீட்டவில்லை. ஒவ்வொருத்தி முன்னாலும் அவளே ஒரு மிட்டாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். பரவாயில்லையே, அடித்துப் பிடுங்காமல் எவ்வளவு அடக்கமாக இருக்கிறார்கள் என்று நான் பூரித்துப்போனேன். பெட்டியில் மீதி இருந்ததை ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அன்று மாலை, வகுப்புகளைப் பெருக்கும் ஆயாம்மா முந்தானையில் எதையோ அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இன்னா டீச்சர் இது? உங்க கிளாசுல பெருக்கப் போனா பெஞ்சுக்கு அடியில பூரா மிட்டாயா கீது. ஒண்ணக்கூட பிரிக்கல. பொண்ணுங்களுக்கு எதனா உடம்பு சரியில்லியா?”

“எந்தப் பெஞ்சுல ஆயாம்மா?”

“எல்லாப் பெஞ்சுலயும்தான். இத்தினி வருசமா பெருக்கறேன், மிட்டாய வுட்டுட்டுப் போன பசங்கள நான் பாத்ததேயில்ல.”

எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் உறுத்தியதோடு சரி. மிட்டாய் பிடிக்கவில்லையோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை லீடரின் அம்மா வந்தார். அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் வந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“பாப்பாவுக்கு டி.சி. குடுத்துடுங்க மிஸ்.”

“ஏம்மா? நல்லாத்தானே படிக்கிறா?”

“வூட்ல ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. சோறு போட்டா ரெண்டு வாய் துன்னுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குது. இன்னாடின்னு கேட்டா ஸ்கூலுக்கே போமாட்டேன், தையல் கத்துக்கறேன்னுது. வேற ஸ்கூலு பாக்கலாம்னு அவங்க அப்பா சொன்னாரு. எந்த ஸ்கூலும் வாணாவாம்.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலியாம் மிஸ். அதையேதான் சொல்லிக்கினு கீது. யாரும் ஒண்ணும் சொல்லலம்மா, யாரும் ஒண்ணும் சொல்லலம்மான்னு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது நாள் நான் மார்தட்டிக்கொண்ட அமைதி என்ன அமைதி என்று புரிந்தது. திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்று அந்த அம்மாவைக் கெஞ்சிக் கேட்டு அனுப்பினேன். படிப்பை நிறுத்த அவருக்கும் மனமில்லை. அவர் எழுதிக் கொண்டுவந்த விண்ணப்பத்தை மட்டும் என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

என் புத்தி முதலில் பழைய வழியில்தான் போனது. வகுப்புக்குள் போய்ச் சத்தம் போட்டேன். லீடரையும் தோழியையும் முன்னால் அழைத்து, எல்லோர் எதிரிலும் கைகுலுக்கச் சொன்னேன். விரல் நுனி விரல் நுனியில் பட்டது. திரும்பிப் போகும்போது தோழி அந்தக் கையைச் சுரிதாரில் துடைத்துக்கொண்டாள். வகுப்பே அதைப் பார்த்தது. லீடரும் பார்த்தாள். நான் சேர்த்துவைக்கப் போய், மிச்சமிருந்த மானத்தையும் வாங்கிவிட்டேன்.

மறுநாள் முதல் பெஞ்சில் உட்காரும் கண்ணாடிக்காரப் பெண் ஒருத்தியை லேபுக்கு அழைத்தேன். சாது. யார் வம்புக்கும் போகாதவள். மெல்லக் கேட்டேன். அவளும் மெல்லச் சொன்னாள். வகுப்புப் பெண்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதாம், பெரும்பாலும் அம்மாக்களின் போனில். அறை விழுந்த அன்று சாயங்காலம் யாரோ அதில் ‘லீடர்கூட கா’ என்று போட்டார்களாம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் சுண்டுவிரலை நீட்டிக் கா விட்டுக்கொள்வார்களே, அதேதான். அவளோடு பேசக் கூடாது, எதுவும் வாங்கக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது, பலகையில் எழுத அவளுக்கு ஒரு பெயரும் கிடைக்கக் கூடாது. பேசுகிறவளுக்கும் கா.

“எனக்கு அவ மேல கோவமே இல்ல மிஸ். காலைல பாத்தப்போ முப்பது பேர் தம்ஸ் அப் போட்டிருந்தாங்க. நான் போடலன்னா தெரிஞ்சிடும். எல்லாரும் கா விட்டாங்க, நானும் விட்டேன்.”

“கோவமே இல்லாத ஒருத்திகிட்ட எதுக்குப் பேசாம இருக்கணும்? தப்புன்னு தோணலையா உனக்கு?” என் குரல் தானாகவே உயர்ந்தது.

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். எதிர்த்துப் பேசும் பெண்ணே இல்லை அவள். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள்.

“நீங்க ஏன் மிஸ் மேத்ஸ் மிஸ்கூடப் பேசறதில்ல?”

கணக்கு ஆசிரியை எங்கள் பள்ளிக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், உடன் வேலைபார்க்கும் ஒருவரின் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஐந்தாறு ஆசிரியைகள் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்கள். தலைமையாசிரியை விசாரித்தால் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்வதாகப் பேச்சு. கணக்கு ஆசிரியையைக் கேட்டார்கள், அவர் நடந்ததைச் சொல்லிவிட்டார். போனவர்களுக்கெல்லாம் மெமோ வந்தது. அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமின் நீள மேசையில் அவர் டிபன் வைக்க இடம் இல்லாமல் போனது. ஜன்னலோரம் பீரோவுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். எட்டு மாதமாக.

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு. எனக்கு மெமோவும் வரவில்லை, அவர் மேல் கோபமும் இல்லை. எல்லோரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவ்வளவுதான். “கிளாசுக்குப் போ” என்றேன். ஐம்பதை நெருங்கும் வயதில், பதினான்கு வயதுப் பெண்ணின் முன்னால் அப்படி வெட்கப்பட்டு நின்றேன்.

வியாழக்கிழமை மத்தியான மணி அடித்தது. எல்லோரும் டிபனைத் திறந்தார்கள். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பீரோவுக்கும் எங்கள் மேசைக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். என் முதுகுக்குப் பின்னால் பேச்சு நின்றுபோனது எனக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த மேசையில் எனக்கு இருபது வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்தில் முன்நின்று பந்தி பார்த்தவர்கள் அவர்கள். நாளைக்கு எனக்கும் இடம் இல்லை என்றால்? இந்தப் பயம்தானே அந்த நாற்பது பெண்களுக்கும் இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

“உக்காரலாமா?” என்றேன்.

கணக்கு ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “எட்டு மாசம் ஆச்சு. இப்ப என்ன திடீர்னு?”

“தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க.”

“உங்க லீடர் பொண்ணு விஷயமா?”

நான் விழித்தேன். அவர் என் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறார் என்பதே அதுவரை என் நினைவுக்கு வரவில்லை.

“ரெண்டாவது நாளே எனக்குத் தெரியும். காம்பஸ் கேட்டா ஒருத்தி குடுக்கல. என்னோடத குடுத்தேன். ஒரு தடவ போர்டுல தப்பாப் போட்டா, ஒருத்தி சிரிக்கக்கூட இல்ல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். எப்படிச் சொல்றது? நான் வந்தா நீங்கதான் எழுந்து போயிடுவீங்களே.”

நாங்கள் இவருக்கு விட்ட கா அந்தப் பெண்ணின் தலையில் போய் விழுந்திருக்கிறது. இவரோடு நான் ஒரு வார்த்தை பேசிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்திருக்கும், மிட்டாய் வாங்கியிருக்க மாட்டேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். “நீங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருந்தாலே போதும் மிஸ். பேசவேண்டியது அவங்க” என்றார். எட்டு மாதக் கோபம் அதில் முழுதாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வகுப்புக்குப் போய், முதலில் டஸ்டரை எடுத்து வலது மூலையில் இருந்த தலைப்பையும் கோட்டையும் அழித்தேன். இனிமேல் இது கிடையாது என்றேன். உங்களில் ஒருத்தியைப் பிடித்து மற்றவர்களுக்குப் போலீசாக்கியது நான், அவள் நான் சொன்னதைத்தான் செய்தாள் என்றேன். நானும் ஸ்டாஃப் ரூமில் ஒருவரோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தேன், ஏன் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றேன். முதல் பெஞ்சு தலையைக் குனிந்துகொண்டது. “பேசணும்னு தோணுறவங்க பேசலாம். ஒருத்தி பேசறப்போ இன்னொருத்தி குறுக்க வரக் கூடாது. ‘எல்லாரும்’னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. ‘நான்’னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். எழுந்து போய் இரண்டு சத்தம் போட எனக்குக் கை கால் பரபரத்தது. கணக்கு ஆசிரியையை நினைத்துக்கொண்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் தோழி எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, லீடரைப் பார்த்துப் பேசினாள்.

“எங்க அப்பா என்னை வூட்லகூட அடிச்சதில்ல. எனக்கு அன்னிக்கு செத்துப்போயிடலாம்னு இருந்துச்சு. எழுதுறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ என்னப் பாத்திருக்கலாம்ல? ஒரே ஒரு தடவ?”

லீடரும் எழுந்தாள். பன்னிரண்டு நாளில் அந்த வகுப்பில் அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான். குரல் கரகரத்தது.

“பாத்தா எழுதியிருக்க மாட்டேன். அதான் பாக்கல.”

அப்புறம் ஒன்றும் கட்டிப்பிடித்து அழவில்லை. “எனக்கு இன்னும் கோவம் போவல” என்றாள் தோழி. “சரி” என்றாள் லீடர். “ஆனா கா இல்ல. கோவம் மட்டும்தான்” என்றாள் தோழி. கண்ணாடிக்காரப் பெண் எழுந்து, “நான் பயந்துட்டேன், சாரி” என்று சொல்லிவிட்டு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தொடர்ந்து ஐந்தாறு பேர் எழுந்தார்கள். சிலர் கடைசிவரை எழவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மணி அடித்துப் படியிறங்கும்போது லீடரும் தோழியும் பக்கத்தில் பக்கத்தில் போனார்கள், பேசிக்கொள்ளாமல். பஸ் ஸ்டாப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அம்மாவும் மகளும் வந்தார்கள். டிராயரிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவது என்றுதான் இருந்தேன். அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “கொஞ்ச நாள் போய்ப் பாக்கறேன்மா” என்றாள். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு, அவளை ஒரு நிமிடம் இருக்கச் சொன்னேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனாலும் கேட்டேன்.

“படிப்பே வேணாம்னு முடிவு பண்ற அளவுக்கு எப்போம்மா போச்சு? கா விட்ட அன்னிக்கா?”

“இல்ல மிஸ். அவங்கல்லாம் கொஞ்ச நாள்ல சரியாயிடுவாங்கன்னு நெனச்சேன்.” தயங்கினாள். சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். “மிட்டாய் குடுத்த அன்னிக்கு மிஸ். எல்லாருக்கும் குடுன்னு சொல்லிட்டு, பெட்டிய வாங்கிக்கிட்டீங்க. நீ ஒண்ணு எடுத்துக்கோன்னு சொல்லவேயில்ல. சரி, மிஸ்ஸும் அவங்களோட சேந்துட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவள் வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். மத்தியானம் பீரோவுக்குப் பக்கத்தில் டிபனைத் திறந்து கணக்கு ஆசிரியைக்கு எதிரே உட்கார்ந்தபோது, அன்று அந்தப் பெட்டியில் மீதி இருந்ததை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்தது நினைவுக்கு வந்தது. இவருக்கும் நான் கொடுக்கவில்லை.